பெரட்டுக் களத்து இலக்கணம்

ஆங்கிலத்தில் ‘மேக்’ என்ற வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் ‘டு’ போடக் கூடாது. ‘துரை அவர்களை வேலை செய்ய வைத்தார்’ என்பதற்கு ‘தி மேனேஜர் மேட் தெம் வர்க்’. ‘மேட் தெம் டு வர்க்’ என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் அந்த ‘டு’வின் மேல் சிவப்பு மை விழும். சரி என்று அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனால் செயப்பாட்டு வினைப் பாடம். அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடும்போது, போன பக்கத்தில் துரத்தப்பட்ட ‘டு’ இங்கே கட்டாயம் வந்து நிற்க வேண்டும்: ‘தே வேர் மேட் டு வர்க்.’ நிற்காவிட்டால் அதற்கும் சிவப்பு மை.

‘சீ’, ‘ஹியர்’ என்ற வினைகளும் இந்தக் கூட்டம்தான். அவன் போவதை நான் பார்த்தால் ‘ஐ சா ஹிம் கோ’. பார்த்தவனை மறைத்துச் சொன்னால் ‘ஹி வாஸ் சீன் டு கோ’. ‘லெட்’ செயப்பாட்டுக்கு அநேகமாக வருவதில்லை. அதன் இடத்தில் ‘அலவ்ட் டு’ வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைய பேச்சில் அது தாராளமாக வரும் இடம் ‘ஹி வாஸ் லெட் கோ’: ஆளை வேலையிலிருந்து நிறுத்தியதை நாசூக்காகச் சொல்வது. ‘ஹேவ்’ வினையைக் கொண்டும் ஒருவரை வேலை வாங்கலாம். அதைச் செயப்பாட்டுக்குத் திருப்ப வழியே கிடையாது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானில், மாலை நேர டியூஷன் வகுப்புகளில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ரந்தாவ், சிலியாவ், லாபு, செண்டாயான் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள். விதியைச் சொல்லிவிடலாம். ‘ஏன் சார் அப்படி?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கும். முற்கால ஆங்கிலத்தில் ‘மேக்’ வினைக்குப் பிறகு ‘டு’ சாதாரணமாக வந்துகொண்டுதான் இருந்தது. 1611இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பில் 23ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், ஆண்டவர் மேய்ப்பனாக வரும் இடத்தில் அந்த ‘டு’ அப்படியே இருக்கிறது. நாளடைவில் செய்வினையில் அது உதிர்ந்தது. செயப்பாட்டு வினையில் உதிரவில்லை. முன்பு அது ‘க்கு’ உருபைப் போலத் திசை காட்டிய இடைச்சொல். ‘வேலைக்கு’, ‘செய்வதற்கு’ என்று நாம் சொல்கிறோமே, அந்த வேலையைத்தான் அதுவும் பார்த்தது.

வரலாற்றுக் காரணம் இவ்வளவுதான். தேர்வுக்கு இதுகூடத் தேவையில்லை. ஆனால் பயிற்சிக்கு வாக்கியம் தேடும்போதெல்லாம் எனக்கு வந்து விழுந்தவை தோட்டத்து வாக்கியங்களாகவே இருந்தன. சொல்லப்பட்டார்கள், உத்தரவிடப்பட்டார்கள், கட்டாயப்படுத்தப்பட்டார்கள், அனுமதிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ‘டு’, ஒரு வினை. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நூறாண்டுக் கதையை இந்த ஒரே வாக்கிய அமைப்பில் எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தக் கூலிகளின் காலத்திலிருந்தே தொடங்கலாம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் குறிப்பிட்ட காலம் உழைக்க ‘பௌண்ட் டு’. கட்டுண்டவன் என்று பொருள். மலாயாவுக்கு இந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. பிறகு நடந்தது, கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் கங்காணி முறை. 1938இல் இந்திய அரசு அதற்கும் தடை போட்டது. அந்தக் கட்டு அவிழ்ந்து நூறாண்டுக்கு மேலாகியும் ‘பௌண்ட் டு’ ஆங்கிலத்தில் சுகமாக வாழ்கிறது. இன்று அதற்குப் பொருள் ‘நிச்சயம் நடக்கும்’ என்பது. காற்பந்தாட்டத்தில் எங்கள் மாநிலம் ஜெயிக்க ‘பௌண்ட் டு’ என்று பிள்ளைகள் சொல்லும்போது அதில் ஒரு கயிறு இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லைதான்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டங்கள் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நிர்வாகங்கள் ‘ரிக்வயர்ட் டு’. எனக்குத் தெரிந்து தோட்டத்துக் கதையில் இந்த அமைப்பு துரையை நோக்கித் திரும்பிய அபூர்வமான இடங்களில் இது ஒன்று. அப்படித் திரும்பியபோது அது எவ்வளவு சோம்பலாக நிறைவேற்றப்பட்டது என்பதற்கு ஆயாக்கொட்டகையின் மூலையிலும் கோயில் தாழ்வாரத்திலும் நடந்த வகுப்புகளே சாட்சி. கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோ வாத்தியாராக உட்கார்ந்த தோட்டங்களும் உண்டு. சிரம்பான் பட்டணத்தில் 1899இலேயே செயின்ட் பால்ஸ் பள்ளி வந்துவிட்டது. லயத்துப் பிள்ளைக்கு அது இங்கிலாந்தைவிடக் கொஞ்சம்தான் பக்கம்.

ஆனால் ‘வேர் மேட் டு’ என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் முதலில் நினைவு வருவது சயாம். 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் போட்டார்கள். மலாயாவிலிருந்து சுமார் 75,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு. மிகக் குறைத்துச் சொன்ன கணக்கே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் ஆறாத புண்ணும் கொன்றன. போர்க் கைதிகளாக அதே பாதையில் உழைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியலே முழுசாகக் கிடையாது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். கல்லில் இல்லாததைக் கதையிலாவது வைத்தார்கள்.

இந்த விஷயத்தை ஆங்கில வரலாற்று நூல்கள் சொல்லும் விதத்தையும் லயத்தில் சொல்லும் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புத்தகத்தில், ‘தமிழ்த் தொழிலாளர்கள் பாதையில் உழைக்க வைக்கப்பட்டார்கள்.’ தே வேர் மேட் டு வர்க். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. லயத்தில், ‘எங்க தாத்தாவச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க.’ அவ்வளவுதான். ‘போயிட்டாங்க’ என்பதில் யார் என்று பெயர் இல்லை, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். லாரியை ஓட்டியவர்கள், துப்பாக்கி பிடித்தவர்கள், ‘மூணே மாசந்தான், நல்ல சம்பளம்’ என்று ஆசை காட்டியவர்கள். இன்னொருவரும் இருக்கிறார்: தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டைப் புரட்டிப் பெயர் எழுதிக் கொடுத்தவர். துரைகள் ஓடிவிட்ட தோட்டங்களில் அந்தப் பட்டியலை எழுத நேர்ந்தது நம் கிராணிகளுக்கு. அவர்களும் ‘வேர் மேட் டு’தான். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று செயப்பாட்டு வினை இறங்கிக்கொண்டே போய் டோக்கியோவில் போய் நிற்கும். போகிற வழியில் ஒவ்வொருவருக்கும் தப்பித்துக்கொள்ள ஒரு ‘டு’ கிடைக்கும்.

அந்தப் பட்டியலின் இரு பக்கத்து வாரிசுகளும் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எந்த வீட்டுத் தாத்தா பெயர் எழுதினார், எந்த வீட்டுத் தாத்தா எழுதப்பட்டார் என்பது சில குடும்பங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சில் அது எட்டிப் பார்த்ததைக் கேட்டிருக்கிறேன். புத்தக வாக்கியத்துக்கு அந்தச் சூடு வராது.

அதே யுத்தகாலத்தில், இன்று செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்திருக்கும் பகாவில் ஒரு குடியேற்றம் நடந்தது. 1943 கடைசியிலிருந்து சிங்கப்பூரின் யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் அங்கே காட்டைத் திருத்திப் பயிர் வைக்க வந்தார்கள். சிங்கப்பூரில் சோற்றுக்குப் பஞ்சம், அதைச் சமாளிக்க ஜப்பானியர் போட்ட திட்டம். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது ‘வேர் என்கரேஜ்ட் டு’. ஊக்குவிக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கில் மலேரியாவில் போனார்கள். கூடவே வந்த ஆயர் தேவால்ஸும் பிழைத்து ஊர் திரும்பவில்லை. ‘மேட்’ என்பதற்கும் ‘என்கரேஜ்ட்’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒரு பிள்ளை கேட்டால் பகாவின் வரைபடத்தைக் காட்டலாம்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். 1948இல் அவசரகாலம். தோட்டத்து லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, மரம் சீவப் போகிறவர்களின் தூக்குச் சட்டியை வாசலிலேயே திறந்து பார்த்தார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோக ‘நாட் அலவ்ட் டு’. விடிகாலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, முந்நூறு நானூறு மரம் சீவி, மங்கில் பால் நிறையக் காத்திருந்து, வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கி ஸ்டோரில் கொண்டுவந்து கொட்டி, மதியம் வீட்டுக்கு வரும்வரை வெறும் வயிறு. அனுமதிக்கப்படவில்லை என்ற ஒற்றைச் சொல்லின் எடை அந்தத் தூக்குச் சட்டியின் எடை.

1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை பெறாதவர்கள், வேலை பெர்மிட் எடுக்க ‘ரிக்வயர்ட் டு’. பெர்மிட் கிடைக்காமலும் கிடைக்காது என்ற பயத்திலும் சுமார் 60,000 பேர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். திரும்பினார்கள் என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தாது.

இனி இலக்கணத்துக்கே வருகிறேன். பாடப் புத்தகங்கள் சொல்லாமல் விடும் ஒன்று எனக்கு இந்தப் பாடத்திலேயே முக்கியமாகப் படுகிறது.

எல்லா வினையும் இந்த அமைப்புக்கு இணங்குவதில்லை. ஆர்டர், டெல், ஆஸ்க், ஃபோர்ஸ், ரிக்வயர், அலவ், எக்ஸ்பெக்ட்: இவையெல்லாம் மறுபேச்சில்லாமல் செயப்பாட்டுக்குத் திரும்பி ‘டு’வைப் பிடித்துக்கொள்ளும். கட்டளையிட்டவன் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போய்விடலாம். யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் ‘வான்ட்’ திரும்பாது. ‘ஷி வான்ட்ஸ் ஹிம் டு ஸ்டே’ என்று சொல்லலாம். ‘ஹி இஸ் வான்டட் டு ஸ்டே’ என்று ஆங்கிலம் அறிந்தவர் சொல்லமாட்டார். ‘லைக்’, ‘ஹேட்’ வினைகளும் அப்படியே. உத்தரவு போட்டவனை மறைக்கலாம், ஆசைப்பட்டவனை மறைக்க முடியாது. ஆசைக்கு உடையவன் கூடவே நிற்க வேண்டும்.

‘பிராமிஸ்’ இன்னும் சுவாரசியம். நிர்வாகம் வீடு கட்டித் தருவதாகத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். இதைத் திருப்பி ‘தி வர்க்கர்ஸ் வேர் பிராமிஸ்ட் டு பில்ட் ஹௌஸஸ்’ என்று என் மாணவர்கள் எழுதுவார்கள். நாங்கள் படிக்கும் பத்திரிகைகளிலும் எப்போதாவது தென்படும். இலக்கணப்படி அது பிழை. ஆங்கிலத் தொடரியலின் வரலாற்றைப் பெரும் தொகுதிகளாக எழுதிய டச்சு அறிஞர் விஸ்ஸர் இந்த வகை வினைகளைக் கவனித்துச் சொன்னார். மொழியியலார் இன்றும் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். விஷயம் எளியது. ‘டெல்’ வினையில், சொன்னவன் ஒருவன், செய்ய வேண்டியவன் வேறொருவன். சொன்னவன் மறைந்தாலும் செய்ய வேண்டியவன் எழுவாயாக நிற்கிறான், வாக்கியம் விழாது. ‘பிராமிஸ்’ வினையில் வாக்குக் கொடுத்தவனே செய்ய வேண்டியவன். அவனை எடுத்துவிட்டால், பின்னால் வரும் இன்ஃபினிடிவ் செய்ய ஆளில்லாமல் தொங்கும். வாக்குக் கொடுத்தவனை அனுப்பிவிட்டு வாக்கை மட்டும் வைத்துக்கொள்ள ஆங்கிலம் சம்மதிப்பதில்லை.

இதைக் கேட்டு ஆங்கிலத்தின் நேர்மையை மெச்சப் புறப்பட வேண்டாம். பக்கவாட்டில் கதவு இருக்கிறது. இன்ஃபினிடிவை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லைப் போட்டால், ‘தி வர்க்கர்ஸ் வேர் பிராமிஸ்ட் ஹௌஸஸ்’, அப்பழுக்கில்லாத வாக்கியம். கொடுத்தவன் காணாமல் போய்விட்டான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட ஐம்பது அறுபதுகளில் தொடங்கி, நீலாயும் செண்டாயானும் சிரம்பான் டுவாவும் வீடமைப்புப் பகுதிகளான காலம்வரை, வாக்குகள் போனதெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொரு வகை. ‘சே’ வினையை எடுங்கள். ‘தே சே ஹிம் டு பி லேஸி’ என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. செயப்பாட்டில் மட்டும் கச்சிதமாக நிற்கும்: ‘ஹி இஸ் செட் டு பி லேஸி.’ ‘ரிப்யூட்டட் டு’, ‘ரூமர்ட் டு’ ஆகியவற்றுக்குப் புழக்கத்தில் செய்வினை வடிவமே இல்லை. வதந்திக்குச் சொந்தக்காரன் கிடையாது என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டுவிட்டது. தமிழன் சாதுவானவன், சொன்னதைக் கேட்பான், அடக்கி வைக்கச் சுலபமானவன் என்ற காலனிக் காலத்துப் பேரெல்லாம் இந்த அமைப்பில் ஏறித்தான் வந்தது. சொன்னவர் யார் என்று கேட்டால் ஆளே இருக்கமாட்டார். எல்லாரும் ‘இஸ் செட் டு’.

இப்போது பெரட்டுக் களம். இருட்டு விலகாத நேரம், கிராணி கையில் செக்ரோல், மண்டோர் பக்கத்தில். லண்டனில் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு முடிவு, அது கோலாலம்பூர் ஏஜென்சி அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை, அதிலிருந்து துரையின் மேசைக்கு ஒரு கடிதம். மூன்று இடத்திலும் செயப்பாட்டு வினை: ‘எஸ்டேட்ஸ் ஆர் ரிக்வஸ்டட் டு’, ‘மேனேஜர்ஸ் ஆர் இன்ஸ்ட்ரக்டட் டு’. துரை அதைக் கிராணியிடம் சொல்கிறார். கிராணி அதைத் தமிழாக்கிக் களத்தில் சொல்கிறார்: ‘தொரை சொல்லிட்டாரு, நாளையிலேருந்து புது நெரை.’ மூன்று அலுவலகங்கள் பாடுபட்டு மறைத்த எழுவாயை லயத்துத் தமிழ் ஒரே மூச்சில் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. தப்பான ஆளைத்தான் நிறுத்துகிறது, ஏனென்றால் துரைக்கும் யாரோ சொன்னதுதான். ஆனாலும் ஒரு முகம் கிடைக்கிறது. கோபப்பட ஒரு முகம் வேண்டுமல்லவா.

பேச்சுத் தமிழுக்குப் ‘படு’ அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ‘போகச் சொல்லிட்டாங்க’, ‘நிக்க வச்சிட்டாங்க’, ‘வெட்டச் சொன்னாங்க’. அந்த ‘ஆங்க’ என்ற விகுதிக்குள் ஒரு கூட்டம் நிற்கிறது. பெயர் தெரியாத, ஆனால் மனிதர்களான கூட்டம். மலாய் மொழி வேறு வழி போகிறது. ‘டிசுருஹ்’, ‘டிபக்சா’, ‘டிமிந்தா’: முன்னால் ஒரு ‘டி’ ஒட்டினால் ஆள் போய்விடுவார். பின்னால் வரும் வினைக்கு ‘டு’ மாதிரி ஒன்றும் தேவையில்லை. ஆகவே எங்கள் பிள்ளை ஆங்கிலத் தேர்வில் ‘வேர் மேட் வர்க்’ என்று எழுதினால் அது அறியாமையல்ல, அதன் தலைக்குள் ‘டிபக்சா பெகெர்ஜா’ சரியாகவே இருக்கிறது. தோட்டத்து வாசலில் ‘டிலாராங் மாசுக்’ என்று தொங்கும் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. நுழையத் தடை. தடுத்தது யார் என்று பலகை சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

எழுதும் தமிழ் மட்டும் ஆங்கிலத்தின் பின்னாலேயே போய்விட்டது. மாரியம்மன் கோயில் ஆண்டுக் கூட்ட நோட்டீசைப் பாருங்கள்: ‘உறுப்பினர்கள் தவறாமல் வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களெல்லாம் கீழே இருக்கின்றன; கேட்டுக்கொள்வது அவர்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. ‘அனைவரும் வாருங்கள்’ என்று அச்சடித்தால் அச்சகத்தார் கூடுதல் காசு கேட்கப்போவதில்லை.

நம் மொழியை ரொம்பவும் யோக்கியமாக்கிவிடவும் எனக்கு இஷ்டமில்லை. தமிழில் ‘வேண்டும்’ இருக்கிறது. ‘செய்ய’, ‘போக’, ‘நிற்க’ என்னும் செயவெனெச்சத்தோடு ‘வேண்டும்’ சேர்ந்தால் போதும், உத்தரவு தயார். ‘வீட்டைக் காலி செய்ய வேண்டும்.’ யாருக்கு வேண்டும்? ஆங்கிலத்தில் ‘வான்ட்’ மறைக்க மறுக்கும் ஆளைத் தமிழ் ‘வேண்டும்’ சத்தமில்லாமல் விழுங்கிவிடும். போதாததற்கு நம் செயப்பாட்டு வினையே அந்தச் செயவெனெச்சத்தின் மேல்தான் நிற்கிறது: அடிக்கப் பட்டான், விரட்டப் பட்டான். எந்த மொழியிலும் இதற்கென்று ஒரு பொந்து இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலம் அதை அலுவலகமாகக் கட்டிக்கொண்டது, அதுதான் வித்தியாசம்.

இதற்கு எதிரான இலக்கணமும் நெகிரி செம்பிலானிலிருந்தே எழுந்தது. பி. பி. நாராயணன் 1946இல் இங்கேதான் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தை முன்னின்று கட்டினார். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது அதன் பொதுச் செயலாளர் ஆனார். 1962இல் மகசேசே விருது, 1975இலிருந்து உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றின் தலைமை என்று அவர் உயரம் போனது தனிக் கதை. சங்கம் பிற்காலத்தில் நிர்வாகத்தோடு எவ்வளவு இழைந்தது என்று விமர்சிப்பவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. நான் பார்ப்பது வாக்கியத்தை. கோரிக்கை மனுவைச் செயப்பாட்டில் எழுத முடியாது. ‘வீ வான்ட்’, ‘வீ டிமாண்ட்’ என்றுதான் தொடங்க வேண்டும். ‘நாங்கள்’ என்று ஓர் எழுவாய் வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார வேண்டும். பெரட்டில் பேர் கூப்பிட்டால் ‘யெஸ் சார்’ என்று மட்டும் சொல்லிப் பழகிய ஜனத்துக்கு அந்த ‘வீ’ எவ்வளவு பெரிய சொல்லாக இருந்திருக்கும்!

முதலாளிகள் மாறினார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனம் மலேசியர் கைக்கு வந்துவிட்டது. நாட்டுக்கே பெருமையான நாள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம் ஆட்கள் போய் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற ஏற்பாடு மாறவில்லை. முப்பது நாற்பது வருஷம் மரம் சீவியவருக்கு ஓய்வு பெற்றதும் ஒரு கடிதம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்த அப்படிப்பட்ட கடிதத்தை வாசித்துக் காட்டக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம்தான். அதில் ‘யூ ஆர் ரிக்வயர்ட் டு’, ‘யூ ஆர் அட்வைஸ்ட் டு’, ‘யூ ஆர் ரிமைண்டட் டு’ என்று மூன்று இடம். ‘வீ’ என்ற சொல் எங்குமே இல்லை. கையெழுத்துக்கு மேலே மட்டும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. நான் வாசித்து முடித்ததும் அந்த அம்மா கேட்டார்:

“சரிங்க சார், இதச் சொல்றது யாரு?”

இலக்கண வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எங்கள் பயிற்சித் தாள்களில் செயப்பாட்டு வாக்கியத்தின் கடைசியில் ‘பை’ போட்டுச் செய்தவனை எழுதுவதை ‘தேவையில்லாவிட்டால் விட்டுவிடலாம்’ என்று சொல்லித் தருகிறோம். பிள்ளைகள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள், மதிப்பெண் குறைவதில்லை. நான் இப்போதெல்லாம் அந்தப் பயிற்சியைத் தலைகீழாகக் கொடுக்கிறேன். ‘தே வேர் மேட் டு வர்க் ஆன் தி ரயில்வே’ என்று எழுதிப் போட்டு, பின்னால் ஒரு கோடு விட்டு, ‘பை’ எழுதச் சொல்கிறேன். ஒருவன் ‘பை தி ஜப்பனீஸ்’ என்று எழுதினான். சரி. பக்கத்தில் இருந்த பெண் நெடுநேரம் யோசித்துவிட்டு ‘பை ஸோ மெனி பீப்பிள்’ என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

தோட்டங்கள் பலவும் இன்று இல்லை. பள்ளிக்கூடங்களின் பெயரில் மட்டும், தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது: லாடாங் சுவா பெத்தோங், லாடாங் பிராட்வெல், லாடாங் கெர்பி. சிலவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. லயத்திலிருந்து தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கு வீடு மாறியபோது தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடும் சங்கச் சந்தா அட்டையோடும் மடித்து வைத்தவை. பெரியவர்கள் போனதும் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றன. நெகிரி செம்பிலானில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது, வீட்டில் அப்படி ஒரு காகிதம் இருந்தால் படியெடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு வகுப்பில் வாசியுங்கள். ‘டு’ எங்கே வருகிறது என்று பிள்ளைகள் கோடு போடட்டும்; யாரால் என்பதை வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். பாட்டிகள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.